ஒன்பது மணி மெத்தைக் கடை

சத்தியமாகச் சொல்கிறேன். வாய்க்கு வந்த சத்தியம் இல்லை. கற்பூரத்தைக் கொளுத்தி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அது எரிந்து அணைகிற வரைக்கும் கையை மடக்காமல் சொல்கிற சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய் என்றால் என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் எல்லாம் இந்த நிமிஷமே கொட்டிப்போகட்டும். எத்தனை மிச்சம் இருக்கிறது என்று குனிந்து பார்க்காதீர்கள். சத்தியம் சத்தியம்தான்.

ஏழுமாந்தோப்பு என்று ஓர் ஊர். அங்கே எல்லா பஸ்ஸும் நிற்கும், பழுதாகிவிட்டால். அந்த ஊர்க் கடைத்தெருவில் ‘தெய்வநாயகம் மெத்தை மாளிகை’ என்று ஒரு கடை. மாளிகை என்றதும் மாடி, மண்டபம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஷட்டர். ஷட்டருக்கு உள்ளே ஒரு கம்பிக் கதவு. அதற்கும் உள்ளே கூரையைத் தொடுகிற மாதிரி இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும். அவ்வளவுதான்.

முதலாளி தெய்வநாயகம் தங்கமான மனுஷர். வேலைக்கு நான்கு பேர் வைத்திருந்தார். மூத்தவர் இருளப்பன். யோசிக்கிறபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார், யோசனை இடிக்காமல் வெளியே வரட்டும் என்று. அடுத்தவன் சவரிமுத்து. மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டானென்றால் நாலு தெரு தாண்டுவான். ஆனால் எந்த வீடு என்று கேட்டுக்கொள்ளாமல் கிளம்பிவிடுவான். மூன்றாவது குருவம்மா. எதையும் ஒரு தரம் சரியா என்று கேட்டு, சரி என்று சொன்னால் அழுதுவிடுகிற இளகின மனசு. நாலாவது மொக்கைச்சாமி. அவனைப் பற்றி நான் சொல்வதற்குள் அவனே வந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வரமாட்டான்.

நான்கு பேருக்கும் மாதச் சம்பளம் உண்டு. அது போக, விற்கிற மெத்தைக்குக் கமிஷன் உண்டு. கடை திறக்கிற நேரம் ஒன்பது மணி என்று பலகையில் எழுதியிருந்தது. ஆனால் பதினொரு மணிக்கு முன்னால் அந்தப் பலகையைப் படிக்க ஊழியர்கள் யாரும் வந்தது கிடையாது. முதலாளியே வந்து, முக்கி முனகி ஷட்டரைத் தூக்கி, விளக்கு ஏற்றி, தனியாக உட்கார்ந்திருப்பார்.

இதற்கு அவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருநாள் டீக்கடையில் இருளப்பன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கினார்.

“சம்பளம் மாசா மாசம் வருது. நாம ஒன்பதுக்கு வந்தாலும் வருது, பதினொண்ணுக்கு வந்தாலும் வருது. ஆக, அது நம்ம நேரத்தைப் பாக்குறதே இல்லை.”

“சரியாண்ணே?” என்றாள் குருவம்மா.

“சரிதான். கமிஷன் அப்படி இல்லை. கிராக்கி வந்தாத்தான் வரும். கிராக்கி எப்ப வருது?”

“பதினொண்ணுக்கு மேல.”

“அப்ப ஒன்பதுக்கு வந்தா கமிஷன் உண்டா?”

“கிடையாது.”

“இல்லாத கமிஷனுக்கு நாம ஏன் குளிச்சுக் கிளம்பி வரணும்?”

சவரிமுத்து டீயைக் கீழே வைத்தான். “அண்ணே, ஒருவேளை நாம ஒன்பதுக்கே வந்தா, கிராக்கியும் ஒன்பதுக்கு வருமோ?”

“ஒன்பது மணிக்கு நம்ம கடை வாசல்ல ஒரு கிராக்கி நின்னு நீ பாத்திருக்கியா?”

சவரிமுத்து நெடுநேரம் யோசித்தான். “பாத்ததில்லை.”

“நானும் பாத்ததில்லை. குருவம்மாவும் பாத்ததில்லை. மூணு பேர் பாக்காததை நீ எப்படி நம்புறே?”

சவரிமுத்து வெட்கப்பட்டுப்போனான். அந்தச் சமயம் மொக்கைச்சாமி வந்து சேர்ந்து, என்ன பேச்சு என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றார்கள்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஃபோம் மெத்தைக் கம்பெனி ஒன்று அந்தப் பக்கத்துக்கு ஏஜென்சி தருவதாகச் சொல்லியது. இலவம்பஞ்சை யார் இப்போது கேட்கிறார்கள்? கல்யாணச் சீருக்குக்கூட ஃபோம்தான். ஏஜென்சி கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் எதிர்க்கடை மயில்வாகனனுக்குப் போய்விடும், தெய்வநாயகம் ஷட்டரை ஒரேயடியாக இறக்கிவிட்டு மச்சினன் பொன்னுரங்கத்தின் மாவு மில்லுக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

மாவு மில் கௌரவக் குறைச்சலா என்று கேட்பீர்கள். இல்லை. பொன்னுரங்கம்தான் குறைச்சல். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தி நடுவில், பாயசம் ஊற்றுகிற நேரம் பார்த்து, “மச்சான், நம்ம மில்லுல தவிட்டு மூட்டைக்குப் பக்கத்துல உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் போட்டு வெச்சிருக்கேன்” என்பான். பாயசம் அதற்கப்புறம் இறங்காது.

கம்பெனிக்காரர்கள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. “எங்க ஆள் என்னைக்கு வருவார்னு சொல்லமாட்டோம். வர்றப்ப ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறியிருக்கணும், ஆட்கள் அவங்கவங்க இடத்துல நிக்கணும். நேரத்துக்குத் திறக்காத கடைக்கு நாங்க சரக்கு குடுக்குறதில்லை.”

தெய்வநாயகம் கம்பெனிப் பேச்சை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நான்கு பேரையும் கூப்பிட்டார்.

“இந்தா பாருங்கப்பா. திட்டிப் பாத்துட்டேன், கெஞ்சிப் பாத்துட்டேன். இனிமே ஒரே சட்டம். உங்கள்ல ஒருத்தர் லேட்டா வந்தாலும் நாலு பேருக்கும் அன்னைக்குக் கமிஷன் கிடையாது. போங்க.”

ஒருத்தரை ஒருத்தர் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று அவர் கணக்கு. கணக்கில் பாதி பலித்தது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கே இருளப்பனும் சவரிமுத்துவும் குருவம்மாவும் கடைத்தெரு முக்கில் வந்து நின்றுவிட்டார்கள். மொக்கைச்சாமி வரவில்லை.

“கடைக்குப் போயிருவமா?” என்றான் சவரிமுத்து.

“போயி?” என்றார் இருளப்பன். “மொக்கைச்சாமி லேட்டு. அவன் லேட்டுன்னா நமக்குக் கமிஷன் இல்லை. கமிஷன் இல்லாத கடைக்குள்ள போயி என்ன செய்யப் போறே?”

“அப்ப?”

“மொதலாளி ஒருத்தர் லேட்டானாத்தான் சட்டம்னாரு. ஒருத்தரை மட்டும் லேட்டாக விடக்கூடாது. அதுதான் அவர் சொன்னதோட சாரம்.”

குருவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எவ்வளவு ஒத்துமையை நினைச்சுச் சொல்லியிருக்காரு பாருங்கண்ணே.”

ஆக மூன்று பேரும் முக்கிலேயே நின்றார்கள். மொக்கைச்சாமி வழக்கம்போல உச்சிவேளைக்கு வந்தான். நான்கு பேரும் கைகோத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்கள். அதுவரைக்கும் பதினொரு மணிக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அன்றைக்குப் பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலாளி கேட்டதற்கு, “ஒருத்தர்கூடத் தனியா லேட்டாகலை மொதலாளி. நீங்க நம்பலாம்” என்றார் இருளப்பன்.

தெய்வநாயகம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் புதுச் சட்டம் போட்டார்.

“பழசை மறந்துருங்க. இனிமே யாரு முதல்ல வர்றாங்களோ அவங்களுக்குத்தான் அன்னைக்கு முதல் கிராக்கி. அந்தப் போணிக் கமிஷன் அவங்களுக்கு மட்டும். இரட்டிப்பு.”

இரட்டிப்பு என்றதும் நான்கு பேரும் நிமிர்ந்தார்கள். அன்று சாயந்தரம் கடை சாத்துகிற நேரத்தில் ஆலோசனை நடந்தது. யார் எப்போது எழுந்தால் யாரை முந்தலாம் என்று இருளப்பன் சொல்லிக்கொண்டிருந்தபோது, மொக்கைச்சாமி மெல்ல வாயைத் திறந்தான்.

“அண்ணே, நான் வீட்டுக்குப் போறதுனாலதானே லேட்டா வர்றேன்? போகாமலே இருந்துட்டா?”

மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். மொக்கைச்சாமி பேசி மற்றவர்கள் யோசித்தது அதுதான் முதல் தடவை.

“அது சரிப்பா,” என்றான் சவரிமுத்து. “நீ மட்டும் போகாம இருந்தா நீதான் முதல் ஆளாயிருவே. நாங்க கேனையா? நானும் போகமாட்டேன்.”

“நானும்தான்,” என்றார் இருளப்பன்.

குருவம்மா மட்டும் போனாள். போய், வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, சோற்றுச் சட்டியோடு திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை, இரட்டிப்புக் கமிஷனுக்காக அவர்களே வந்து திறந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், தெய்வநாயகம் பத்து மணிக்கு வந்தார். ஷட்டர் ஏறியிருந்தது. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கிட்டே போனால் கம்பிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. வெளியே ஒரு கூட்டம், சத்தம் காட்டாமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே மெத்தைக்கு ஓர் ஆளாக, இருளப்பன் குடும்பத் தலைவர் மாதிரி மல்லாந்தும், சவரிமுத்து குறுக்கிலும், மொக்கைச்சாமி தலையணைக் குவியலுக்குள் கால் மட்டும் தெரியவும், அந்தப் பக்கம் குருவம்மா குடும்பமும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். காற்று வரட்டும் என்று ஷட்டரைத் தூக்கி வைத்திருந்தார்கள்.

தெய்வநாயகம் கம்பியைப் பிடித்து ஆட்டினார். இருளப்பன் எழுந்து கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

“ஏன்யா, மணி என்ன?”

“லேட்டா வந்தீங்கன்னு எங்களைச் சொல்ல முடியாது மொதலாளி. நாங்க வரவே இல்லை.”

கூட்டத்தில் ஒருவர் முதலாளியின் தோளைத் தொட்டார். “ஐயா, அதோ ஒரு கிழவி படுத்திருக்காளே, அந்த மெத்தை என்ன விலை? எங்க அம்மாவுக்குத் தூக்கமே வர்றதில்லை. இந்தம்மா இவ்வளவு சத்தத்துலயும் எந்திரிக்கலை பாருங்க.”

வியாபாரம் வந்துவிட்டது. ஆனால் யாரும் நகரவில்லை.

“எடுத்துக் குடு இருளப்பா.”

“அது முறையில்லையே மொதலாளி. முதல்ல வந்தவங்களுக்குத்தான் முதல் கிராக்கி. நாங்க யாரும் இன்னைக்கு வரலை. இங்கேயேதான் இருந்தோம். முதல்ல வந்தது நீங்க. கிராக்கி உங்களுது.”

அன்று அந்த மெத்தையைத் தெய்வநாயகமே சுருட்டி, கட்டி, ரிக்‌ஷாவில் ஏற்றினார். நான்கு பேரும் கை கட்டி நின்று பார்த்தார்கள். குருவம்மாவின் மாமியார் மட்டும் போகாமல் நின்றாள்.

“தூங்கிக் காட்டினது நான். கமிஷனை அவரு வாங்கிக்கிட்டா என்ன நியாயம்?”

நான்கு பேரும் தலையை ஆட்டினார்கள். நியாயம்தானே. கிழவிக்குக் கொடுத்து அனுப்பினார் முதலாளி. மறுநாள் அவள் சொல்லாமலே வந்து படுத்துக்கொண்டாள். எழுப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனிமேல் கடையில் யாரும் படுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, தெய்வநாயகம் வேறு வழி தேடினார். லேட்டுக்கு அவர்கள் சொல்கிற காரணத்தை உன்னிப்பாகக் கேட்டார். என் வீட்டுக் கடிகாரத்தில் ஒன்பதுதான் என்பான் ஒருவன். சேவல் கூவவில்லை என்பான் ஒருவன். எங்கள் தெருவில் ஒன்பது மணிச் சங்கு கேட்காது என்பாள் குருவம்மா.

“உங்க வீட்டுக் கடிகாரம், சேவல், சங்கு எதுவும் எனக்கு வேண்டாம். இதோ சுவத்துல தொங்குதே, எங்க அப்பா வாங்கின பெண்டுலக் கடிகாரம், அது ஒண்ணுதான் கணக்கு. அதுல ஒன்பது அடிக்கிறப்ப எல்லாரும் உள்ள நிக்கணும். வேற எந்த மணியையும் பாக்கக்கூடாது.”

தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தவர்களுக்குத் தெருவிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

“அண்ணே,” என்றாள் குருவம்மா, “நான் வீட்டுல சோறு வடிக்கிறப்ப இந்தக் கடிகாரத்துல மணி என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“வந்து பாத்துட்டுப் போகணும்,” என்றான் சவரிமுத்து.

“வந்து பாத்தா வந்ததாயிருமே,” என்றார் இருளப்பன். “வந்த பிறகு ஏன் திரும்பிப் போகணும்? அது வேண்டாம். கடிகாரம் எங்க இருக்கோ அங்கதான் நாம இருக்கணும். ஆனா கடையில படுக்கக்கூடாது. அப்ப கடிகாரம்தான் நம்மகூட வரணும்.”

“யாரு வீட்டுக்கு?”

“மொக்கைச்சாமி வீட்டுக்கு. அவனுக்குத்தான் நேரம் அதிகம் தேவை.”

அன்று ராத்திரி முதலாளி கிளம்பின பிறகு, சவரிமுத்து கடிகாரத்தைக் கழற்றி, மெத்தையைப் போல தோளில் படுக்கப்போட்டுக்கொண்டு நடந்தான். பெண்டுலம் உள்ளே ஒரு தரம் ணங் என்றது. அதோடு சரி. மொக்கைச்சாமி வீட்டுச் சுவரில் மாட்டியபோது முள் ஒன்பதுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லோரும் அங்கே கூடிவிட்டார்கள். மொக்கைச்சாமி பாயைவிட்டு எழுந்து கடிகாரத்தைப் பார்த்தான்.

“இன்னும் ஒன்பதாகலை,” என்றான் சந்தோஷமாக.

“பொறுமையாக் குளி,” என்றார் இருளப்பன்.

அவன் குளித்தான். ஒன்பதாகவில்லை. இட்லி அவித்தார்கள். ஒன்பதாகவில்லை. குருவம்மா முருங்கைக்கீரையை உருவிக் கொடுத்தாள். சவரிமுத்து கிணற்றில் விழுந்திருந்த வாளியை எடுத்துக் கொடுத்தான். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஆகிச் சாப்பிட்டும் ஒன்பதாகவில்லை.

“இவ்வளவு நேரம் இருந்திருக்கா காலையில?” என்றான் மொக்கைச்சாமி. “இத்தனை நாளா நான் அவசரப்பட்டே செத்திருக்கேன்.”

“முதலாளி வீட்டுப் பொருள்னா சும்மாவா,” என்றார் இருளப்பன். “நம்ம வீட்டுக் கடிகாரமெல்லாம் ஓடிட்டே இருக்கும். இது நிதானமான குடும்பத்துக் கடிகாரம்.”

தெய்வநாயகம் கடைக்கு வந்து பார்த்தார். ஆளும் இல்லை, கடிகாரமும் இல்லை. சுவரில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும். கடையில் திருட்டு என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி, அங்கிருந்து தெருத்தெருவாக விசாரித்து, கடைசியில் மொக்கைச்சாமி வீட்டு வாசலுக்கு வந்தார். நிழல் கிழக்கே சாய்ந்திருந்தது. நான்கு பேரும் கடிகாரத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க மொதலாளி. இன்னும் நேரம் இருக்கு. ஒரு வாய் மோர் குடிக்கிறீங்களா?”

தெய்வநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான்கு பேரும் பதறிப்போனார்கள்.

துண்டை எடுக்காமலே அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஏஜென்சி, கம்பெனி ஆள், மயில்வாகனன், மாவு மில், தவிட்டு மூட்டை, ஸ்டூல். அந்த ஸ்டூலைச் சொல்கிறபோது துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

“உங்க வாயில நாங்க மண்ணைப் போட்டு, அந்த ஸ்டூல்ல நீங்க உக்காரணுமா?” என்று குருவம்மா ஓவென்று அழுதாள். சவரிமுத்து மில்லுக்குப் போய் அந்த ஸ்டூலை உடைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். மொக்கைச்சாமிகூட, “என்னாலதான் எல்லாம்” என்றான்.

இருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மொதலாளி. நாளையிலிருந்து பாருங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுல ஒரு எழுத்து பிசகாது.”

தெய்வநாயகம் அப்போது எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மனம் இளகி, ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

“நாளைக்கு ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்குங்க. அவங்கவங்க இடத்துல நில்லுங்க. ஒன்பது அடிச்ச பிறகு யாரு வந்தாலும் சரி, யாராயிருந்தாலும் சரி, உள்ள விடாதீங்க. வாசல்லயே நிறுத்தி ஏன் லேட்டுன்னு கேளுங்க. காரணம் சரியில்லைன்னா நாளைக்கு நேரத்தோட வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்க. தயவு தாட்சண்யம் கூடாது.”

“யாராயிருந்தாலும்,” என்றார் இருளப்பன்.

“யாராயிருந்தாலும்.”

மறுநாள் ஏழுமாந்தோப்புச் சரித்திரத்தில் இல்லாத அதிசயம் நடந்தது. ரிப்பேர் பார்த்துத் திரும்பக் கடைச் சுவரில் மாட்டிய கடிகாரம் ஒன்பது அடிக்கிறபோது ஷட்டர் ஏறியது. நான்கு பேரும் நெற்றியில் விபூதியோடு உள்ளே நின்றார்கள். மொக்கைச்சாமியும்தான். ஒன்பதாவது மணி அடித்து ஓய்ந்ததும் சவரிமுத்து கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினான்.

முதலில் வந்தது ஒரு கொத்தனார். கதவைத் தட்டினார்.

“தலையணை வேணும்ப்பா.”

“ஏன் லேட்டு?” என்றார் இருளப்பன்.

“லேட்டா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வர்றேன்.”

இருளப்பன் மற்றவர்களைப் பார்த்தார். குருவம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. இன்னைக்கு உங்களை விட்டா நாளைக்கு இன்னொருத்தர் வருவாரு. நாளைக்கு நேரத்தோட வாங்க.”

அடுத்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம், மாப்பிள்ளையும் பெண்ணுமாக. பஸ் கிடைக்கவில்லை என்றார்கள். அதைக் கேட்டு மொக்கைச்சாமி சிரித்துவிட்டான்.

“பஸ்ஸு கிடைக்கலைங்கிறது நான் சொல்லிச் சொல்லிப் புளிச்சுப்போனதுங்க. வேற எதாவது சொல்லிப் பாருங்க.”

திருப்பி அனுப்பினாலும் அவர்கள் போகவில்லை. மெத்தைக் கடையில் உள்ளே விடமாட்டேன் என்றால் யாருக்குத்தான் கால் நகரும்? என்னவோ விசேஷம் இருக்கிறது என்று தெருவே திரண்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. எதிர்க்கடை மயில்வாகனன்கூடத் தன் கடையைப் போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றார்.

தெய்வநாயகம் பிள்ளையார் கோயிலில் சூறைத்தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் பிள்ளையார் கண்ணைத் திறந்துவிட்டார் என்றே நினைத்தார். இடித்துப் பிடித்து முன்னால் போனார்.

“கதவைத் திற சவரிமுத்து.”

“ஏன் லேட்டு மொதலாளி?”

“என்னடா விளையாட்டு?”

சவரிமுத்து இருளப்பனைப் பார்த்தான். இருளப்பன் கதவுக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“மொதலாளி, எங்க வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க. யாராயிருந்தாலும்னு நீங்கதான் சொன்னீங்க. தயவு தாட்சண்யம் கூடாதுன்னீங்க. உங்களை அந்த ஸ்டூல்ல உக்கார விடக்கூடாதுன்னுதான் உங்களை உள்ள விடாம நிக்குறோம்.”

குருவம்மா அழுதுகொண்டே கம்பி வழியாக அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கம்பெனி ஆள் வந்தார். பேர் ஞானபிரகாசம். கையில் தோல்பை, சட்டையெல்லாம் வியர்வை. பஸ் பழுதானதால் இறங்கி நடந்து வந்திருக்கிறார். “வழி விடுங்க, நான் கம்பெனியிலிருந்து வர்றேன்” என்று கதவுக்கு வந்தார்.

“வாங்க,” என்றார் இருளப்பன். “கம்பெனியில எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?”

“ஒன்பதுக்கு.”

“இப்ப மணி என்ன?”

ஞானபிரகாசம் உள்ளே சுவரைப் பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று. விஷயம் என்னவென்றால், அவருக்கும் அந்தக் கம்பெனியில் சம்பளமும் கமிஷனும்தான். ஏஜென்சி ஒன்று பிடித்தால் கமிஷன் உண்டு. ஆனால் போகிற இடத்துக்கெல்லாம் லேட்டாகப் போகிறார் என்று மேலிடத்தில் ஏற்கெனவே முணுமுணுப்பு.

“பஸ்ஸு…” என்று ஆரம்பித்தார்.

உள்ளே மொக்கைச்சாமி மறுபடியும் சிரித்தான்.

ஞானபிரகாசம் குரலைத் தாழ்த்தினார். “ஐயா, எங்க மானேஜர்கிட்ட இதைச் சொல்லிராதீங்க. இருபது ஊரு சுத்தியிருக்கேன். ஒன்பது மணிக்கு ஷட்டர் ஏறியிருந்த கடை ஒண்ணுகூடக் கிடையாது. ஆளுங்க இடத்துல நின்ன கடை கிடையாது. சொந்த மொதலாளியையே வெளியில நிறுத்துற கடையை என் சர்வீஸ்ல பாத்ததில்லை. நான் ஒன்பதுக்கே வந்ததா நீங்க சொல்லிருங்க, ஏஜென்சி உங்களுக்குத்தான்.”

“பொய் சொல்லமாட்டோம்,” என்றார் இருளப்பன்.

“சரி, சொல்லவேண்டாம். யாராவது கேட்டா பேசாம இருந்துருங்க.”

நான்கு பேரும் தள்ளிப் போய் ஆலோசித்தார்கள். பேசாமல் இருப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று முடிவானது. ஞானபிரகாசம் தெய்வநாயகத்தைக் குனியச் சொல்லி, ஏஜென்சிப் பத்திரத்தை அவர் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். தெய்வநாயகம் நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர்.

“ஜெயிச்சுட்டோம்ப்பா. கதவைத் திறங்க.”

“நாளைக்கு வாங்க மொதலாளி,” என்றார் இருளப்பன். “நேரத்தோட.”

அன்று ஒரு தலையணைகூட விற்கவில்லை. சாயந்தரம் நான்கு பேரும் கூடிப் பேசினார்கள்.

“நாம ஒன்பதுக்கு வந்தோம். ஆனாலும் கமிஷன் இல்லை. இது யாரு குத்தம்?” என்றான் சவரிமுத்து.

“லேட்டா வந்தவங்க குத்தம்,” என்றார் இருளப்பன். “இத்தனை நாள் மொதலாளி தப்பான ஆளுங்களைத் திருத்திக்கிட்டு இருந்திருக்காரு. கிராக்கிங்களையில்ல திருத்தியிருக்கணும்.”

நீங்கள் நம்பமாட்டீர்கள், ஊர் திருந்திவிட்டது. மறுநாள் எட்டரைக்கே கூட்டம். ஃபோம் மெத்தை வந்து இறங்கியதும் எட்டு மணிக்கே வரிசை. ஒன்பது அடிப்பதற்குள் கம்பிக் கதவைத் தாண்டிவிட வேண்டும் என்று ஜனம் ஓடி வருகிறது. உள்ளே வந்துவிட்டால் வெறுங்கையோடு போக யாருக்கும் மனசு வராது. கமிஷன் கொட்டுகிறது. தெய்வநாயகம்தான் பாவம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்கு வருவதற்குள் ஒன்பது அடித்துவிடுகிறது. அவர் வெளியே நிற்கிறார். அன்றாட வசூலைக் கம்பி வழியாக அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

இப்போது கிராக்கிகள் வர முடியாவிட்டால் முன்கூட்டியே ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தக் கொத்தனார் ஒருநாள், “காய்ச்சலா இருக்கு, இன்னைக்குத் தலையணை வாங்க வர முடியாது, ஒருநாள் லீவு வேணும்” என்று மகனை அனுப்பினார். இருளப்பன் யோசித்துக் கொடுத்தார். கல்யாண வீட்டுக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல் மட்டும் கேட்டார்கள். அரைநாள் கொடுத்தார். வாராவாரம் லீவு கேட்கிறவர்களைக் கூப்பிட்டு, “இப்படியே போனா உங்களைக் கிராக்கியா வெச்சிருக்க முடியாதுங்க” என்று கண்டிப்பாகப் பேசுகிறாராம்.

அதனால் ஒரு உபகாரம். இதை யார் சொன்னது என்று யாரிடமும் வாயைத் திறந்துவிடாதீர்கள், முக்கியமாக இருளப்பன் காதுக்குப் போகக்கூடாது. நான் ஒரு தலையணை வாங்கவேண்டியவன். இடுப்புப் பிடிப்பு, எழுந்து உட்காரவே முடியவில்லை என்று சொல்லி இன்றைக்கு மெடிக்கல் லீவு போட்டிருக்கிறேன்.